அழிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ

எங்கள் வீட்டில் டிவிக்குக் கீழே ஓர் இழுப்பறை இருக்கிறது. முன்பெல்லாம் அதில் பழைய சார்ஜர்களும் எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிகளும் கிடக்கும். இப்போது முழுக்க வரைந்து அழிக்கிற பலகைகள். நேற்று எண்ணிப் பார்த்தேன், ஆறு. ஒன்றுக்குப் பேனா இல்லை, ஒன்றின் மூலையைச் சின்னவன் கடித்துக் குதறிவிட்டான், ஒன்றை நானே அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன் (ஏன் என்று பிறகு சொல்கிறேன்). எல்லாம் பெரியவளுக்காக வாங்கியவை. அவளுக்கு நாலரை வயது, பாலர் பள்ளியில் கே ஒன். சின்னவனுக்கு இன்னும் இரண்டு ஆகவில்லை. அவனுக்குப் பலகை என்பது ஒரு வகைத் தின்பண்டம்.

வாங்க ஆரம்பித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை, பலர் வீட்டில் நடப்பதுதான். கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்தால் தே வருவதற்கு முன்னாலேயே போன் சில்லி சாஸ் போத்தலில் சாய்ந்து நிற்கும், பாட்டு ஓடும், ஒரு பாட்டுக்கு நாலு வாய் சோறு. இரண்டரை வயதுப் பரிசோதனைக்குப் போனபோது பாலிகிளினிக்கில் தாதி கேட்டார், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஸ்கிரீன் பார்க்கிறாள் என்று. என் மனைவி "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 2025 ஜனவரியில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு வெளியிட்ட அறிவுரையில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே வந்துவிட்டது. ஒன்றரை வயதுக்குக் கீழே வீடியோ அழைப்பைத் தவிர எதுவும் வேண்டாம். ஒன்றரையிலிருந்து ஆறு வயது வரை, பள்ளியில் பார்ப்பது போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். சாப்பிடும்போது கூடாது, தூங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் கூடாது. இந்த ஊரில் தொடக்கநிலை ஆறுக்கு வருவதற்குள் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 65 பேருக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறதாம். நான் எட்டு வயதில் கண்ணாடி போட்டவன், அந்தக் காலத்தில் அதற்குப் போன்கூடத் தேவைப்படவில்லை. இருந்தாலும் பயம் பயம்தானே.

சரி, போனுக்குப் பதிலாகக் கையில் எதையாவது கொடுப்போம் என்று முதலில் வாங்கியது காந்தப் பலகை. எங்கள் புளோக்கிலேயே ஒரு வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஐந்து வெள்ளிக்குக் கொடுத்தார்கள். வெள்ளையாக ஒரு பரப்பு, கயிறு கட்டிய பேனா, கீழே இழுத்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும் ஒரு நெம்பு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் பைலட் பேனா கம்பெனிக்காரர்கள் 1974-இல் தூசி கொட்டாத கரும்பலகை ஒன்று செய்யப் பார்த்துக் கடைசியில் இதில் வந்து நின்றார்கள். பிள்ளை தூங்கிய பிறகு டார்ச் அடித்துக் கிட்டத்தில் பார்த்தேன். தேன்கூடு மாதிரி நுணுக்கமான அறைகள், ஒவ்வொன்றிலும் கெட்டியான வெள்ளைத் திரவம், அதில் மிதக்கும் கரிய இரும்புப் பொடி. பேனா நுனியில் உள்ள காந்தம் பொடியை மேலே இழுக்கிறது, கோடு தெரிகிறது. நெம்போடு சேர்ந்து பின்பக்கம் ஓடும் காந்தம் பொடியைக் கீழே இழுத்துவிடுகிறது, கோடு போச்சு. அவ்வளவுதான். பேட்டரி இல்லை, பாட்டு இல்லை, ஆங்கிலத்தில் 'வெல் டன்' சொல்லும் பெண் குரல் இல்லை.

பிரச்சினை கயிற்றில்தான் வந்தது. கயிறு வலது பக்கத்தில் கட்டியிருக்கிறது, என் மகள் இடது கைக்காரி. பேனாவை இடது கைக்குக் கொண்டுபோனால் கயிறு படத்தின் குறுக்கே விறைத்து நிற்கும், அதற்கு மேல் பேனா எட்டாது. அவள் பேசாமல் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். எனக்குத் தோன்றவே இல்லை, மூன்று வயதுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் அந்தக் கை உறுத்திக்கொண்டே இருந்தது. "என்னடா தம்பி, பீச்சாங்கையால எழுதறா" என்று ஒரு மாதம் சொன்னார். அப்புறம் அவரே "அது வர்ற கையில எழுதட்டும் போ" என்று விட்டுவிட்டார். (அம்மா 1982-இல் கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து இங்கே வந்தவர். ஈசூனில் இருக்கிறார். நாங்கள் வேலைக்குப் போகும் நாள்களில் பிள்ளைகள் இரண்டும் அவரிடம்தான்.)

அந்தப் பலகையில்தான் ஒரு சனிக்கிழமை வட்டம் வாய் மூடியது. அதுவரை சுருள் சுருளாகக் கிறுக்கிக்கொண்டிருந்தாள், நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி. அன்றைக்கு ஒரு கோடு வளைந்து வளைந்து போய், ஆரம்பித்த இடத்துக்கே வந்து, தயங்கி, ஒட்டிக்கொண்டது. பேனாவைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். உள்ளே இரண்டு புள்ளி வைத்தாள். கீழே இரண்டு கோடு இழுத்தாள். தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த ஓர் ஆள். "அப்பாயி" என்றாள், என் அம்மாவைத்தான். பார்த்து வரையச் சொன்னால் மூன்று வயதில் வட்டம், நாலில் கூட்டல் குறி, ஐந்தில் முக்கோணம் வரும் என்று பிள்ளை வளர்ச்சியைப் பார்க்கிற மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கெல்லாம் தெரிந்ததுதான், ஆனாலும் நேரில் பார்க்கும்போது நெஞ்சு ஒரு தடவை அடைத்தது. அவள் கை நெம்புக்குப் போனது. நான் "இரு இரு இரு" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தேன். ஒரு போட்டோ. அப்புறம் க்ர்ர்ரக்.

என் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாவது வாங்கியது எல்சிடி பலகை. இப்போது எங்கே பார்த்தாலும் தொங்குவது அதுதான், கறுப்புப் பலகை, குத்தினால் பச்சையாகவோ வானவில்லாகவோ கோடு வரும், ஒரு பட்டன் அழுத்தினால் எல்லாம் போய்விடும். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை வாசலில் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள், பத்து வெள்ளிக்கும் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இதுவும் ஸ்கிரீன்தானே தம்பி?"

நியாயமான கேள்வி. நான் சொல்லி விளக்கவில்லை, அறை விளக்கை அணைத்துக் காட்டினேன். இருட்டில் பலகையும் இருண்டது, கோடு கிடையாது, எதுவும் கிடையாது. போன் மாதிரி தானாக ஒளி விடாது. உள்ளே இருக்கிற திரவப் படிகம் அழுத்தம் பட்ட இடத்தில் மட்டும் நிலை மாறி, வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, மற்ற இடத்தில் பின்னால் இருக்கும் கறுப்பு தெரிகிறது. வரைவதற்கு மின்சாரமே வேண்டாம், நகத்தால் கீறினாலும் கோடு வரும். அழிக்கிற அந்த ஒரு நொடிக்குத்தான் பேட்டரி. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "அப்ப சிலேட்டுன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

இந்தப் பலகையை 2010-இல் முதலில் கடைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கென்ட் ஊரில் உள்ள ஒரு கம்பெனி. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1965-லேயே திரவப் படிகத்துக்கென்று தனி ஆய்வு நிலையம் வைத்திருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, இரண்டு குமிழைத் திருகி வரைகிற எட்ச் அ ஸ்கெட்ச் 1960-இல் விற்பனைக்கு வந்ததும் அதே ஒஹையோவில் பிரையன் என்கிற சின்ன ஊரிலிருந்துதான். அந்த மாநிலத்துத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

எல்சிடி பலகையில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. நல்லது, பிள்ளைக்குப் பயம் போய்விடுகிறது. தாளைக் கொடுத்தால் ஒரு வீடு, ஒரு சூரியன், முடித்துவிட்டு எழுந்துவிடுவாள். இதில் பத்து நிமிடத்தில் இருபது முப்பது படம் போடுவாள், பாதிப் படத்தில் மனசு மாறி வேறொன்று ஆரம்பிப்பாள், தப்பாகப் போனாலும் கவலை இல்லை. இடது கைக்காரிக்கு இன்னொரு வசதி, எழுதிக்கொண்டே போகும்போது உள்ளங்கை உரசினாலும் அழியாது. கெட்டது என்னவென்றால் ஒரே ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது. ஒரு கண் கொஞ்சம் கோணலாகிவிட்டால் ஆளையே இழக்கணும். காந்தப் பலகையில் நெம்பைப் பாதி வரை இழுத்துக் காலை மட்டும் விட்டுவைக்கலாம். இங்கே அது நடக்காது. அதோடு சின்னவன். எந்தப் பட்டனைப் பார்த்தாலும் அழுத்துவான், லிஃப்டில் எல்லா மாடிக்கும் அழுத்துகிறவன் இதை விடுவானா? அக்கா அரை மணி நேரம் போட்ட பிறந்தநாள் கேக்கை ஒரே அழுத்தில் காலி பண்ணினான். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். பலகையின் பின்பக்கம் ஒரு சின்னப் பூட்டு விசை இருக்கிறது, அதைத் தள்ளினால் பட்டன் வேலை செய்யாது என்பது அதற்கு மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

பின்பக்கத்தைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள், இதை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இன்னொரு எல்சிடி பலகையை இணையத்தில் மலிவாக வாங்கினேன், பேட்டரி மூடியில் திருகாணி போடும் ஓட்டை இருக்கிறது, திருகாணி இல்லை. நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிறது. உள்ளே காசு மாதிரி தட்டையான பட்டன் பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும், பேட்டரி தீர்ந்துபோனதாக இருந்தாலும் ஆபத்துதான். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தால்கூட 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு ஓடணும். நான் அன்றைக்கே பேட்டரியைக் கழற்றி எறிந்தேன். பேட்டரி இல்லாத பலகையை என்ன செய்வது? ஒரே ஒரு தடவை வரையலாம். சின்னவன் கடித்துக் குதறியது அதைத்தான், நிம்மதியாகக் கடிக்கட்டும்.

போட்டோவுக்கு வருகிறேன். எல்சிடி வந்த பிறகு அது ஒரு சடங்காகிவிட்டது. படம் முடிந்ததும் "அப்பா, போட்டோ!" என்று கூப்பிடுவாள். நான் அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் ஓடிப் போய் எடுக்கணும். எடுத்த பிறகுதான் அழிப்பாள். பலகை பளபளப்பு வேறு, மேலே எரியும் விளக்கு படத்தின் நடுவில் விழும், சாய்த்துப் பிடித்து இரண்டு மூன்று எடுப்பேன். கொஞ்ச நாளில் "காட்டு" என்று ஆரம்பித்தாள். காட்டினேன். அவள் விரல் தள்ளிக்கொண்டே போகும். மீன், மீன், அப்பாயி, பஸ், பூனையா நாயா தெரியாத ஒன்று, அப்புறம் அத்தை மகன் பிறந்தநாள் வீடியோ. அங்கே நின்றுவிடும். இரண்டு முறை ஓடும், மூன்று முறை ஓடும். வரைந்தது ஆறு நிமிடம், போன் பார்த்தது இருபது நிமிடம். ஸ்கிரீன் வேண்டாம் என்று வாங்கின பலகையைச் சாக்கு வைத்து நானே தினமும் போனை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். என் மனைவி ஒருநாள் போனில் இடம் இல்லை என்று பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்தப் படங்கள் மட்டும் அறுநூற்றுச் சொச்சம். ஒன்றைக்கூட நாங்கள் அச்சுப் போட்டதில்லை. திரும்ப எடுத்துப் பார்த்ததும் இல்லை, அவள் கேட்டால் தவிர.

அடுத்த பலகை எட்ச் அ ஸ்கெட்ச். உண்மையைச் சொன்னால் அதை எனக்காகத்தான் வாங்கினேன். சின்ன வயதில் பெரியப்பா வீட்டில் ஒன்று இருந்தது, அண்ணன் தொடவிடமாட்டான். சிவப்புச் சட்டம், இரண்டு வெள்ளைக் குமிழ். இடது குமிழ் பக்கவாட்டில் ஓடும், வலது குமிழ் மேலும் கீழும். கண்ணாடிக்கு உள்பக்கம் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும், ஓர் ஊசி அதைச் சுரண்டிக்கொண்டே போகும், சுரண்டிய வழியில் உள்ளிருக்கும் இருட்டு கோடாகத் தெரியும். குலுக்கினால் பொடி மறுபடி கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், அது கட்டி தட்டாமல் இருக்கக் குட்டிக் குட்டி மணிகளையும் கூடவே போட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தவர் ஆந்த்ரே கசான்ய என்ற பிரெஞ்சு எலெக்ட்ரிஷியன். பிரான்ஸில் அதற்கு வைத்த பெயருக்கு 'மாயத் திரை' என்று அர்த்தமாம். ஸ்கிரீன் இல்லாத விளையாட்டுப் பொருள் தேடிப் போன ஆள் நான், என் கைக்கு வந்தது திரை என்றே பெயர் வைத்தது.

நாலரை வயதுக்கு அது எட்டாது. சாய்வாக ஒரு கோடு வேண்டுமென்றால் இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் திருகணும், வட்டம் எனக்கே வராது. ஆனால் படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்ன வரையலாம் தெரியுமா? புளோக். வீவக புளோக், அதாவது அரசாங்க அடுக்குமாடிக் கட்டடம், வரைவதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு சோபாவில் உட்கார்ந்து பதினாறு மாடி, மாடிக்கு எட்டு ஜன்னல், நடுவில் லிஃப்ட் என்று போட்டுக்கொண்டிருப்பேன். கையை எடுக்காமல் போடணும், ஒரே கோடு, போன வழியிலேயே திரும்பி வரணும். என் மனைவி எட்டிப் பார்த்து "துணி காயப்போடற மூங்கிலை விட்டுட்டீங்களே" என்றாள். அவள் சொன்னது சரிதான், போட்டதும் களை வந்துவிட்டது.

தண்ணீர்ப் பாய் ஒன்று இருக்கிறது, அதை இழுப்பறைக் கணக்கில் சேர்க்கவில்லை, சுருட்டி அலமாரி மேல் கிடக்கிறது. வெறும் தண்ணீர் நிரப்பிய பேனாவால் வரைந்தால் வெள்ளைப் பூச்சு நனைந்து கண்ணாடி மாதிரி ஆகி அடியிலுள்ள நிறம் தெரியும், காய்ந்தால் மறுபடி வெள்ளை. சில நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அது எந்த ஊர்க் கணக்கோ தெரியாது, டிசம்பர் மழையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இங்கே வரைந்து பாருங்கள், காயவே காயாது. காற்றாடிக்கு நேர் கீழே விரித்தால்தான் வழிக்கு வரும். ஒருநாள் யானை போட்டாள். தும்பிக்கையை மெல்லிசாகப் போட்டிருந்தாள், அது முதலில் போனது. அப்புறம் வால். காதுகள் ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்தன. வயிறு மட்டும் குட்டை மாதிரி ரொம்ப நேரம் கிடந்தது. குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, கடைசிப் பொட்டு ஈரம் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையாக இருந்திருந்தால் அதற்குள் பத்துப் படம் போட்டு அழித்திருப்பாள். அன்றைக்கு அவள் போட்டோ கேட்கவில்லை என்பதை இரவில்தான் கவனித்தேன்.

இழுப்பறை அடியில் ஒளித்து வைத்திருப்பது எது என்று கேட்டீர்களானால், படத்தைக் கீழே ஒளியாக விழ வைக்கும் மேசைப் பலகை. குட்டி விளக்கு, வில்லை வில்லையாகப் படங்கள், முயல், கார், இளவரசி. பிள்ளை அந்த ஒளிக்கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டணும். பெட்டியில் 'கல்வி' என்ற சொல் மூன்று இடத்தில் அச்சடித்திருந்தது. ஒரு வாரம் ஆசையாகத்தான் விளையாடினாள், முயல் அச்சு அசலாக வந்தது. அடுத்த வாரம் வெறும் தாளைக் கொடுத்து "முயல் போடு கண்ணு" என்றேன். "எனக்கு முயல் வராதுப்பா" என்றாள். அதற்கு முன்பு எத்தனை முயல் போட்டிருக்கிறாள் தெரியுமா? காது மட்டும் ஆளுயரத்துக்கு இருக்கும், மீதி உடம்பு ஒரு உருளைக்கிழங்கு. அந்த முயல் தப்பு என்று ஒரு வில்லை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. கோட்டின் மேல் கோடு ஓட்டினால் கைக்குப் பயிற்சிதானே என்பார்கள், இருக்கலாம், எழுத்துக்கு நானும் அதைச் செய்ய வைக்கிறேன். படத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. உருளைக்கிழங்கு முயல் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது.

எழுத்து என்றதும் ஒன்று. கடையில் இருக்கும் பலகைகளோடு வரும் அச்சுத் தகடுகளில் ஏ பி சி இருக்கிறது, சில இடத்தில் சீன எழுத்தும் கிடைக்கிறது, தமிழ் எழுத்துத் தகடு என் கண்ணில் பட்டதே இல்லை. அம்மா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. காந்தப் பலகையை எடுத்துக்கொண்டு முதலில் ட போட வைத்தார், கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. அப்புறம் ப, அப்புறம் ம. அ-வை விட்டுவைத்தார். "அந்தச் சுழி இப்ப வராது, கை பழகட்டும்" என்றார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

ஆனால் பார்த்தால் என் மகள் முதன்முதலில் எழுதிய எழுத்தே அ-தான், மூன்று வயதில், விஜயதசமிக்குக் கோயிலில், தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில். ஐயர் அவள் விரலைப் பிடித்து எழுதினார். அரிசி விலகி அடியிலுள்ள பித்தளை கோடாகத் தெரிந்தது, இப்போது யோசித்தால் எட்ச் அ ஸ்கெட்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. நான் ஒரு போன், மனைவி ஒரு போன், தங்கை ஒரு போன், தங்கை வீட்டுக்காரர் வீடியோ. தாம்பாளத்தைச் சுற்றி நாலு ஸ்கிரீன். பிள்ளை அரிசியைப் பார்க்கவே இல்லை, எங்கள் போன்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது பலகை அம்மா கொண்டுவந்தது, நிஜச் சிலேட்டு. போன வருடம் ஊருக்குப் போனபோது மன்னார்குடிக் கடைத்தெருவில் வாங்கி, புடவைக்கு நடுவில் சுற்றி உடையாமல் கொண்டுவந்துவிட்டார். மரச்சட்டம், கல். பலப்பம் ஒரு டப்பா. (பிள்ளை எழுதியதைவிட அம்மா பழைய ஞாபகத்தில் நுனியைக் கடித்தது அதிகம்.) அவர் காலத்தில் கோவை இலையைக் கசக்கித் துடைத்தால் சிலேட்டு கன்னங்கரேல் என்று ஆகுமாம். ஈசூனில் கோவை இலைக்கு எங்கே போவது, ஈரத் துணிதான். இதில் இடது கைக்குச் சங்கடம், எழுதியதை உள்ளங்கையே அழித்துக்கொண்டு வரும். ட, ப, ம என்று எழுதி முடித்துப் பார்த்தால் ம மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் அவள் கையின் ஓரத்தில் சாம்பலாக ஒட்டியிருக்கும். அவளுக்கு அது பெரிய சிரிப்பு. "அப்பாயி, ட என் கைல இருக்கு" என்று காட்டுவாள்.

வேலை இடத்தில் ஒருவர் கேட்டார், பையனுக்கு இரண்டே முக்கால், எது வாங்கலாம் என்று. காந்தப் பலகை வாங்குங்கள், பேனா தடியாக இருக்கட்டும், அந்த வயதில் முஷ்டியால்தான் பிடிப்பான், இடது கையா வலது கையா என்று பார்த்துக் கயிற்றை மாற்றிக் கட்டுங்கள், பேனா நுனியில் உள்ள காந்தம் ஆடுகிறதா என்று அடிக்கடி பாருங்கள், விழுங்கினால் அதுவும் வம்பு. எல்சிடி வேண்டுமானால் திருகாணி உள்ளதாக, பூட்டு விசை உள்ளதாக. பாட்டுப் பாடுவது வேண்டாம். கூடவே மலிவான கிரேயானை இரண்டு மூன்றாக ஒடித்துக் கொடுங்கள், துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டிக்குள் அடங்காது, விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அவர் எல்லாம் கேட்டுவிட்டு "ஆப் எதுவும் இல்லையா?" என்றார். சரிதான் போங்கள்.

போன மாதம் அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. பஸ்ஸில் குளிர்சாதனம், ஜன்னல் முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெள்ளை. பெரியவள் விரலால் ஒரு கோடு இழுத்தாள். வரவில்லை. அழுத்தி இழுத்தாள், வரவில்லை. ஈரம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம், இங்கே உள்ளேதானே குளிர். "வெளியில இருக்கு பாப்பா, எட்டாது" என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் கண்ணாடிக்குக் கிட்டே போய் "ஹா" என்று ஊதினாள். வெள்ளிக்காசு அளவுக்கு உள்பக்கம் மங்கியது. அதில் இரண்டு கண் வைத்தாள், வாய் போடுவதற்குள் போய்விட்டது. மறுபடி ஹா. இந்தத் தடவை வாயை முதலில் போட்டாள். ஈசூனிலிருந்து பொங்கோல் வரைக்கும் இதே வேலை, ஊதி ஊதி வரைந்துகொண்டு வந்தாள். போன் என் பையில்தான் இருந்தது. எடுத்திருந்தாலும் அதற்குள் மறைந்திருக்கும்.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் சின்னதாகக் கோலம் போடுவார், பக்கத்து வீட்டு சைக்கிளுக்கு வழி விட்டு, காரிடாரில் ஒரு முழ இடம். அரிசி மாவு. நேர்ப்புள்ளி, ஐந்துக்கு ஐந்து. இப்போது புள்ளி வைப்பது பெரியவள் வேலை. இரண்டு விரலுக்கு நடுவில் மாவை எடுத்து விடுவது அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை, புள்ளி ஒவ்வொன்றும் இட்லி மாதிரி விழும். அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்த இட்லிகளையே சுற்றி வளைத்துக் கோட்டை ஓட்டிவிடுவார். போன வாரம் நான் லீவு. இரண்டு பேரும் குனிந்து போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வழக்கம்போல் கை பாக்கெட்டுக்குப் போனது. அம்மா நிமிர்ந்து பார்க்காமலே, "அடுத்த வெள்ளிக்கிழமையும் போடத்தானே போறேன், எதுக்கு தம்பி படம்?" என்றார். மத்தியானத்துக்குள் எறும்பு பாதியைக் கொண்டுபோயிருந்தது. மீதியைச் சாயங்காலம் பெரியவளே ஈரத் துணியால் துடைத்தாள்.

இரவு வீட்டில் எல்சிடி பலகையை எடுத்து வைத்துக்கொண்டாள். தட்டு மாதிரி ஒரு பெரிய வட்டம், உள்ளே புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு, எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு நின்றது. நன்றாகவே வந்திருந்தது. நான் சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் பட்டனை அழுத்திவிட்டாள். "ஏண்டா அழிச்ச?" என்றேன். அவள் அடுத்த வட்டத்தை ஆரம்பித்திருந்தாள்.